இடப்பக்கம் சாய்ந்த முள்

பெங்களூரிலிருந்து திரும்பும் வழியில், சந்தாபுரா தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கோவிந்தண்ணன் வைப்பரைப் போட்டார். அது பாதிக் கண்ணாடி வரை போய், அங்கேயே ஒரு கணம் நின்று, மெதுவாகத் திரும்பி வந்தது.

நான் முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் இரண்டு பாதங்களுக்கும் நடுவில் ஒரு பெரிய பிஸ்கட் டின். டின்னுக்குள் ஐஸ். ஐஸுக்கு நடுவில், துண்டு சுற்றி வைத்த இரண்டு கண்ணாடி பாட்டில்கள். பாட்டில்களில் இரத்தம்.

டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சின்ன வட்ட மீட்டர் இருந்தது. பிற்பாடு யாரோ திருகிப் பொருத்தியது. நடுவில் சைபர், வலப்பக்கம் கூட்டல் குறி, இடப்பக்கம் கழித்தல் குறி. முள் இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது.

"அண்ணா, முள்ளு மைனஸ்ல இருக்குது."

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விரலால் மீட்டரை ஒரு சுண்டு சுண்டினார்.

"அது அப்பிடித்தான் காட்டும். பழைய மீட்டரு."

நான் காரில் ஏறிய பிறகு அவர் என்னிடம் பேசியதில் நீளமான பேச்சு அதுதான்.

பேசாத பங்காளி

கோவிந்தண்ணன் என் பெரியப்பா மகன். வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் எங்கள் ஊர். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். ஆனால் அவருக்கும் என் சொந்த அண்ணன் மாதையனுக்கும் சில வருடங்களாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

எல்லாம் ஒரு கிணற்றால் வந்தது. தாத்தா வெட்டிய பொதுக் கிணறு. எந்த நாளில் யார் மோட்டார் ஓட்டுவது என்பதில் தகராறு. ஒரு கோடையில் கோவிந்தண்ணனின் மாங்கன்றுகள் வாடிக்கொண்டிருந்தபோது எங்கள் அண்ணன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டான். மறுநாள் காலையில் எங்கள் பைப் இரண்டு துண்டாகக் கிடந்தது. ஊர்ப் பஞ்சாயத்தில் தீரவில்லை. கிருஷ்ணகிரி கோர்ட்டுக்குப் போனார்கள்.

எங்கள் அம்மாவும் பெரியம்மாவும் ஒரே தெருக்குழாயில் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் பிடிப்பார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலும் வரும்.

தண்ணீர் போதாமல், அண்ணன் பர்கூர்ப் பக்கம் கிரானைட் குவாரிக்கு வேலைக்குப் போனான். அங்கேதான் கல் சரிந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார்: ஆபரேஷன் செய்தாக வேண்டும், ஏற்கெனவே நிறைய இரத்தம் போய்விட்டது, அவன் இரத்தம் அபூர்வமான வகை, இங்கே கையிருப்பில் இல்லை. வீட்டில் யாருக்கும் பொருந்தவில்லை. பெங்களூரில் இருக்கிறது என்று விசாரித்துச் சொன்னார்கள். பொழுது சாய்வதற்குள் கொண்டு வந்தால் நல்லது.

அன்றைக்குப் பார்த்து பந்த். எதற்காக நடந்த பந்த் என்பது இப்போது நினைவில்லை. பஸ் இல்லை, டாக்சி இல்லை, கடை ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் கார் வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். வெள்ளை அம்பாசிடர், கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வாடகைக்கு ஓடும்.

அண்ணி அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள். "மாமா" என்று மட்டும்தான் கூப்பிட்டாளாம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து, கையைக் கழுவி, சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

நான் அப்போது ஓசூரில் வேலையில் இருந்தேன். பந்த் என்பதால் கம்பெனி விடுமுறை. இன்னும் சில பெண்களோடு தங்கியிருந்த அறை வாசலில் ஹார்ன் கேட்டது. எட்டிப் பார்த்தால் கோவிந்தண்ணன்.

"வசந்தா, உனக்குக் கன்னடம் வருமில்ல? ஏறு. மாதையனுக்கு ரத்தம் வேணும்."

பெங்களூர் இரத்த வங்கியில் பாட்டில்களை என் கையில் கொடுத்த அம்மாள் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார். "அல்லாடிஸபேடி." குலுக்காதே. குலுங்கினால் அணுக்கள் உடைந்துபோகும், உடைந்த இரத்தத்தை ஏற்றினால் விஷம் என்று விளக்கினார். நான் தலையாட்டியதை நம்பாமல் மறுபடியும் சொன்னார்.

கம்பெனியில் பார்த்தது வேறு

இந்தத் தொடரில் என் கம்பெனியைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். லாரிகளுக்கு ஆல்டர்னேட்டர் செய்யும் கம்பெனி. வண்டி ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரியை நிரப்புகிற கருவி அது. பழைய கார்களில் டைனமோ என்று ஒன்று இருந்தது; அந்த வேலையை இது இன்னும் நன்றாகச் செய்யும். கோவிந்தண்ணனும் டைனமோவைக் கழற்றிவிட்டு, எங்கேயோ கிடைத்த பழைய ஆல்டர்னேட்டரைப் பொருத்தியிருந்தார். அந்த மீட்டரும் அப்போது வந்ததுதான்.

நான் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். புத்தம் புதிதாக, பளபளவென்று மேஜையில் வந்து உட்காரும். சிவப்பு ஒயர் இங்கே, மஞ்சள் ஒயர் அங்கே என்று மாட்டி ஓட்டிப் பார்த்து, தேறியதையும் தேறாததையும் பிரிக்க வேண்டும். காருக்குள் அது எங்கே இருக்கும் என்றுகூட நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த முள் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். இடப்பக்கம் சாய்ந்தால் பேட்டரியிலிருந்து மின்சாரம் போகிறது, ஒன்றும் திரும்பி வரவில்லை. பேட்டரி தீர்ந்தால் வைப்பர் நிற்கும், விளக்கு அணையும், கடைசியில் எஞ்சினும் நிற்கும். அது பெட்ரோல் எஞ்சின்; பொறி வேண்டும்.

மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. முள் துள்ளி வலப்பக்கம் போனது. அடுத்த நொடி பழைய இடத்துக்கே விழுந்தது.

அடுத்த பள்ளத்திலும் அப்படியே.

"அண்ணா, வண்டிய ஓரம் கட்டுங்க. எஞ்சின மட்டும் நிறுத்தாதீங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சமயத்தில் வைப்பர் கண்ணாடி நடுவில் நின்றேபோய்விட்டது. அதைப் பார்த்த பிறகுதான் ஓரம் கட்டினார்.

ஒரு புளியமரத்தடி. அத்திப்பள்ளிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. பானெட்டைத் திறந்ததும் ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. பெல்ட் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அறுந்தும் இல்லை, தளர்ந்தும் இல்லை. அவர் நேராக பேட்டரிக்குப் போய் ஒயரின் பிடியில் கை வைத்தார்.

"இத கழட்டிப் பாத்தா தெரிஞ்சிடும். கழட்டியும் எஞ்சின் ஓடுச்சின்னா சார்ஜிங் நல்லா இருக்குது. நின்னுட்டா கெட்டுப்போச்சு."

"வேணாண்ணா! கழட்டாதீங்க!"

"ஏன்?"

"அது டைனமோவுக்குச் சரி. இதுல ஓடும்போது கழட்டுனா உள்ள இருக்கற டயோடெல்லாம் பொசுங்கிடும். அப்பப்ப வர்றதும் வராமப் போயிடும்."

"நான் உங்கண்ணனுக்கு மீச மொளைக்கறதுக்கு முன்னாடியிருந்து வண்டி ஓட்டறேன்."

"தெரியும்ணா. எஞ்சின் நின்னுபோனா இந்த மழைல யாருண்ணா தள்ளுவா?"

அவர் கை ஒயரின் மேலேயே இருந்தது. அவர் மூக்கிலிருந்து மழை சொட்டியது. ஒரு பங்காளி வீட்டுப் பெண் சொல்லி அவர் கையை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தார்.

"அப்ப நீயே பாரு."

பார்த்தால், எனக்குத் தெரிந்த சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. எல்லா ஒயரும் எண்ணெய் ஏறிக் கறுப்பாக இருந்தன. எதிரே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகி, பின்னலைக் கழுத்தில் சுற்றி நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

"அண்ணா, உள்ள உக்காந்து முள்ளப் பாத்துச் சொல்லுங்க."

ஒவ்வொரு ஒயராகப் பிடித்து அசைத்தேன். எங்காவது தளர்ந்திருந்தால், அசைக்கும்போது முள் துள்ள வேண்டும்.

"அசையுதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லம்மா."

ஒயர் இல்லை. அப்படியென்றால் உள்ளே. ஸ்பேனரில் துணியைச் சுற்றி ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டினேன்.

"வந்துச்சு!" அவர் குரல் உள்ளேயிருந்து வந்தது. "ப்ளஸ்ஸுக்கு வந்துச்சு! ஏ, போயிடுச்சே."

மறுபடி தட்டினேன்.

"வந்துச்சு. நிக்குது. நிக்குது. போச்சு."

எனக்குப் புரிந்துவிட்டது. ஆல்டர்னேட்டருக்குள் சுற்றுகிற வளையங்களை உரசிக்கொண்டு இரண்டு சின்ன கார்பன் துண்டுகள் நிற்கும். அவை வழியாகத்தான் உள்ளே மின்சாரம் போகும். தேய்ந்து குட்டையாகிப்போனால் ஸ்பிரிங் தள்ளினாலும் வளையத்தில் எட்டாது. வண்டி குலுங்கினால் எட்டும், ஓய்ந்தால் விலகும்.

"கார்பன் தேஞ்சுபோச்சுண்ணா. வேற கார்பன் போடற வரைக்கும் இப்பிடித்தான்."

அவர் பானெட்டை அடித்து மூடினார். "எங்க போயி போடறது? ஊரே பூட்டிக் கிடக்குது."

பாட்டிலில் என்ன?

மாநில எல்லையில் அன்று வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போலீஸ். பந்த்துக்காகப் பாதி, சாராயத்துக்காகப் பாதி. அந்தக் காலத்தில் கர்நாடகத்திலிருந்து சாராயம் கடத்துவது பெரிய தொழில். டிக்கியில், சீட்டுக்கு அடியில், டயருக்குள் என்று எங்கே வேண்டுமானாலும் இருக்கும்.

மழைக்கோட்டு போட்ட ஒரு போலீஸ்காரர் கையை நீட்டி நிறுத்தினார்.

"எஞ்சின ஆஃப் பண்ணு."

"சார், ஆஃப் பண்ணா திரும்ப ஸ்டார்ட் ஆவாது. சார்ஜிங் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போறம் சார்."

"எல்லாரும் ஆஸ்பத்திரிக்குத்தான் போறீங்க."

ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பிவிட்டார்.

எஞ்சின் நின்றது. கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. கோவிந்தண்ணன் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

போலீஸ்காரர் என் பக்கம் வந்து கதவைத் திறந்தார். டின்னின் மூடியை எடுத்தார். ஐஸுக்கு நடுவில் இரண்டு பாட்டில் கழுத்துகளைப் பார்த்ததும் அவர் முகத்தில், பிடித்துவிட்டோம் என்கிற சந்தோஷம் வந்தது.

"என்னாம்மா, ஐஸ் போட்டு எடுத்துட்டுப் போற அளவுக்கு உசந்த சரக்கா?"

துண்டை உருவிவிட்டு ஒரு பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கினார். தூக்கி, ஒரு ஆட்டு ஆட்டினார்.

"அல்லாடிஸபேடி!" என்று கத்தினேன். பயத்தில் என் வாயில் கன்னடம்தான் வந்தது. "குலுக்காதீங்க சார்! ரத்தம் சார் அது! எங்கண்ணனுக்கு ரத்தம்!"

அவர் கை அப்படியே நின்றது. லேபிளைப் பார்த்தார். பாட்டில் சுவரில் அந்தக் கருஞ்சிவப்பு மெதுவாக வழிந்து இறங்குவதைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து, துண்டைச் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. தினமும் ஏமாற்றப்படுகிற வேலையில் இருந்தவர்.

"ஸ்டார்ட் பண்ணுய்யா," என்றார். குரல் மாறியிருந்தது.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அவர் விசில் ஊதினார். நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். அந்த மழையில் போலீஸ்காரர்கள் எல்லாரும் சேர்ந்து காரைத் தள்ளினார்கள். கோவிந்தண்ணன் இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டார். வண்டி ஒரு தரம் உலுக்கி நின்றது. மறுபடி தள்ளினார்கள். இருமி, இருமி, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"நிறுத்தாத போ! போ!" என்று பின்னாலிருந்து கத்தியவர், சாவியைத் திருப்பிய அதே மனிதர்தான்.

நல்ல ரோடும் மண் ஓரமும்

ஓசூருக்குள் எங்கள் கம்பெனி கேட்டைத் தாண்டித்தான் போனோம். உள்ளே ஸ்டோரில் டப்பா டப்பாவாகக் கார்பன் இருந்தது. கேட்டில் பூட்டு தொங்கியது. திறந்திருந்தாலும், எஞ்சினை நிறுத்தி, கழற்றிப் பூட்ட எங்களுக்குப் பொழுது இல்லை. பேட்டரிக் கடைகளிலும் ஷட்டர் இறங்கியிருந்தது.

"இருக்கற பேட்டரி பொறிக்கு மட்டும் போவட்டும்ணா. வைப்பர் வேணாம், லைட்டு வேணாம், ஹார்ன் வேணாம்."

"கண்ணாடி தெரியாம எப்பிடி ஓட்டறது?"

அதற்கு வழி கண்டுபிடித்தவர் அவரேதான். சட்டைப் பையிலிருந்து பீடிக் கட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். "பிரிச்சுத் தூள எடு." வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டே, ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, ஈரக் கண்ணாடியில் அந்தப் புகையிலைத் தூளை அழுத்தித் தேய்த்தார். தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. ரோடு தெரிந்தது. கலங்கலாகத்தான், ஆனால் தெரிந்தது.

சூளகிரி வரை ஒன்றும் ஆகவில்லை. சூளகிரி தாண்டியதும் எஞ்சின் ஒரு தரம் விக்கியது. கொஞ்ச தூரத்தில் இன்னொரு தரம்.

முள்ளைப் பார்த்தேன். ரோடு அங்கே நன்றாக இருந்தது. பள்ளமே இல்லை. அதுதான் கஷ்டம்.

"அண்ணா, மண் ஓரத்துல எறக்கி ஓட்டுங்க."

"என்னாது?"

"குலுங்குனா கார்பன் தொடும். சார்ஜ் ஏறும்."

"குலுங்குனா ரத்தம் கெட்டுப்போவும்னு நீதான சொன்ன?"

டின்னைப் பார்த்தேன், முள்ளைப் பார்த்தேன். நல்ல ரோட்டில் போனால் வண்டி செத்துவிடும். மண்ணில் போனால் இரத்தம் செத்துவிடும்.

"வண்டி நின்னுட்டா ரத்தம் போய்ச் சேரவே சேராதுண்ணா. எறக்குங்க. நான் புடிச்சுக்கறேன்."

டின்னைத் தூக்கி மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். பாதங்களைத் தரையில் ஊன்றி, சீட்டை விட்டு உடம்பைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டேன். கார் மண் ஓரத்தில் இறங்கியது. கல்லும் குழியுமாகத் தடதடவென்று அடித்தது. அந்த அடியையெல்லாம் என் தொடையில் வாங்கிக்கொண்டேன். டின்னின் அடியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகிப் புடவை நனைந்து, கால் மரத்துப்போனது.

"முள்ளு?"

"ப்ளஸ். ப்ளஸ்லயே நிக்குது. ஓட்டுங்க."

எஞ்சின் தெளிந்ததும் ரோட்டுக்கு ஏறுவோம். விக்கினால் மறுபடி மண்ணில் இறங்குவோம். எத்தனை தடவை அப்படிச் செய்தோம் என்று தெரியாது. குருபரப்பள்ளிக்கு முன்னால் அவர் திடீரென்று கேட்டார்.

"எந்தக் காலு?"

"வலது காலுண்ணா."

கியரை மாற்றினார்.

"கெணத்துல நீச்சலடிக்கறப்ப அந்தக் காலாலதான் என்னைய எட்டி ஒதைப்பான்," என்றார்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பந்த் முடிந்து, ஓரத்தில் நின்றிருந்த லாரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. எங்களுக்கு விளக்கு இல்லை. ஒரு கிரானைட் லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு, அதன் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு கோவிந்தண்ணன் ஓட்டினார். அது பிரேக் போட்டால் எங்கள் மூக்கு அதில்தான் இருக்கும். லாரியில் ஏற்றியிருந்த கல்லைப் பார்க்காமல் இருக்க நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு முன்னால் இருக்கும் மேட்டில் எஞ்சின் நின்றது. இந்தத் தடவை விக்கக்கூட இல்லை. நான் இறங்கி, மரத்துப்போன காலோடு நடந்தேன். ஓட முடியாது, குலுக்கக் கூடாது.

வைக்கோல் நிறம்

லேப்பில் இருந்தவர் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் கொஞ்சம் குழாயில் எடுத்து மெஷினில் சுற்றவிட்டார். அணுக்கள் கீழே படியும், மேலே நீர் நிற்கும். அது வைக்கோல் நிறத்தில் இருந்தால் நல்ல இரத்தம். சிவந்திருந்தால் உடைந்த இரத்தம். மெஷின் சுற்றி நிற்கும் வரை அம்மா என் கையைப் பிடித்திருந்தாள்.

ஒன்றில் மேலே இருந்த நீர் சிவந்திருந்தது. அவர் அந்தப் பாட்டிலைத் தனியாக ஒதுக்கி வைத்தார்.

இன்னொன்று வைக்கோல் நிறம்.

"இது போதுமா சார்?" என்று அண்ணி கேட்டாள்.

டாக்டர் வந்து லேபிளைப் படித்தார். பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

போதுமானதாக இருந்தது. காலைக் காப்பாற்ற முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் நின்றது. எது அந்தப் பாட்டிலைக் கெடுத்தது, சோதனைச் சாவடி ஆட்டமா, மண் ஓரமா என்று நான் வெகுகாலம் யோசித்திருக்கிறேன். விடை கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் வெளியே வந்தேன். காரை யாரோ கேட்டுக்குள் தள்ளி விட்டிருந்தார்கள். கோவிந்தண்ணன் பானெட்டைத் திறந்து, ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் காகிதத்தில் பரப்பி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளங்கையை நீட்டினார். இரண்டு கார்பன் துண்டுகள். ஒன்று பரவாயில்லை. மற்றது துவரம்பருப்பு அளவுக்குத் தேய்ந்திருந்தது.

"இதேதான்," என்றார்.

"உள்ள வாங்கண்ணா. முழிச்சிட்டான்."

அவர் கையை வேட்டியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு என் பின்னால் வந்தார்.

கட்டிலின் கால்மாட்டில் நின்றார். போர்வை ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். மாதையன் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"வண்டிக்கு என்னாச்சு?" என்று கேட்டான் அண்ணன்.

"கார்பன் தேஞ்சுபோச்சு."

"மாத்தியாச்சா?"

"மாத்தணும். கடை தெறக்கட்டும்."

அவ்வளவுதான் பேசினார்கள். இதற்குப் பிறகு வழக்கை வாபஸ் வாங்கியிருப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். இரண்டு பேரும் வாங்கவில்லை. கிணறு கிணறுதான், காரு காருதான் என்று அண்ணன் சொல்லிவிட்டான். அந்த வழக்கு இன்னும் பல வருடங்கள் நடந்தது.

ஆனால் ஒற்றைக் காலோடு அண்ணனால் பஸ் ஏற முடியாது. வாய்தா நாளன்று காலையில் கோவிந்தண்ணன் எங்கள் வாசலில் வந்து ஹார்ன் அடிப்பார். இருவரும் முன் சீட்டில் உட்கார்ந்து கிருஷ்ணகிரிக்குப் போவார்கள். கோர்ட் வாசலில் அவர் முதலில் இறங்கி, சுற்றி வந்து கதவைத் திறந்து, அண்ணன் கையில் ஊன்றுகோலை எடுத்துக் கொடுப்பார். அதன் பிறகு இருவரும் அவரவர் வக்கீலைத் தேடிப் போவார்கள்.